எலுமிச்சம்பழம் தலைக்கா, வயிற்றுக்கா?

(மேலூரில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய புளிப்புப் பழங்களால் மூளைக்கும் நரம்புக்கும் ஏதாவது நன்மை உண்டா என்பதைப் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். பகுத்தறிவுக் கூட்டமென்று சொல்லிவிட்டு, மேடையில் பழக்கடை வைக்கிறார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால், தோழர்களே, நம் நாட்டில் எலுமிச்சம்பழம் வெறும் பழமாக இருந்துகொண்டிருந்தால் அதைப்பற்றிப் பேச ஒரு கூட்டம் தேவையே இல்லை. அது இங்கே பேய் ஓட்டுகிறது, கண்திருஷ்டி கழிக்கிறது, பச்சை மிளகாயோடு சேர்ந்து கடை வாசலில் தொங்குகிறது, புது வண்டிச் சக்கரத்தின் கீழ் நசுங்குகிறது, புத்தி பேதலித்தவன் தலையில் தேய்க்கப்படுகிறது.

பாமர ஜனங்கள்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. 2019-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ரபேல் என்னும் போர் விமானத்தை வாங்கிக்கொள்ளப் பிரான்சு தேசத்திற்குப் போன நமது பாதுகாப்பு மந்திரி, அதன் சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழத்தை வைத்துத்தான் வாங்கினார். 2024-இல் விழுப்புரம் ஜில்லாவில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து முருகன் கோயில் ஒன்றில், வேலில் குத்தி வைத்திருந்த 9 எலுமிச்சம்பழங்கள் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் ஏலம் போயின. அதைத் தின்றால் பிள்ளை பிறக்குமாம். சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பழத்திற்கு வேலில் குத்தியவுடன் பல்லாயிர ரூபாய் விலை ஏறுகிறதென்றால், ஏறினது பழத்தின் சத்தா, நம்முடைய மடமையா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பித்தமும் பைத்தியமும்

இவைகளிலெல்லாம் இன்று எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது தலையில் தேய்க்கிற விஷயம். ஒருவன் தாறுமாறாகப் பேசினால், "இவன் தலையில் எலுமிச்சம்பழம் தேய்க்கவேண்டும்" என்று நாம் வேடிக்கையாகச் சொல்லுகிறோம். வேடிக்கையாகச் சொல்லுவதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. பித்தம் தலைக்கு ஏறிவிட்டது, அதனால்தான் பைத்தியம், புளிப்பைத் தேய்த்தால் பித்தம் இறங்கும் என்று மெய்யாகவே நம்பிச் செய்தவர்களும் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தலைக்கு மேலே தோல். தோலுக்குக் கீழே கல்லைப் போன்ற மண்டை ஓடு. அதற்கும் உள்ளே மூன்று உறைகள். அந்த மூன்று உறைக்குள் மூளை. தேய்க்கிற சாறு தலைமுடியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். புண் இருந்தால் எரியும். அதற்குமேல் ஒரு துளியும் உள்ளே போகாது. உள்ளே போகாத சாறு உள்ளே இருக்கிற வியாதியை எப்படித் தீர்க்கும்? இதற்குச் சாஸ்திரம் வேண்டாம். சாதாரண புத்தி போதும்.

ஆனால் தேய்ப்பதால் என்ன நஷ்டம், ஒரு பழம்தானே போகிறது என்று சிலர் கேட்பார்கள். பழம் போவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. காலம் போகிறதே, அதுதான் என் கவலை. மனநோய்க்கும் வலிப்பு நோய்க்கும் எவ்வளவு சீக்கிரம் வைத்தியம் பார்க்கிறோமோ அவ்வளவு நன்மை. எலுமிச்சம்பழம் தேய்த்து ஒரு மாதம், மந்திரித்துக் கயிறு கட்டி மூன்று மாதம், கோயிலில் படுக்க வைத்து ஒரு மண்டலம், தர்காவில் ஆறு மாதம், மாதா கோயிலில் சில மாதம் என்று போக்கினால், கடைசியில் வைத்தியரிடம் வருகிறபோது வியாதி வேரூன்றிவிடுகிறது. 2015, 2016 வருஷங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, வயது வந்தவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதாவதொரு மனநோய் இருந்தது. அந்த வியாதிக்காரர்களில் வியாதிக்குத் தக்கபடி 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சரியான வைத்தியம் கிடைக்காமல் இருந்தார்கள்.

இதன் முடிவு என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள ஏர்வாடியில், 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலத்தில், மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் ஏன் ஓடவில்லை? ஓட முடியவில்லை. காலில் சங்கிலி! 28 பேர் மாண்டுபோனார்கள். தெய்வ சக்தியால் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். தெய்வமும் வரவில்லை, சாவியும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது; அந்த இல்லங்கள் மூடப்பட்டன. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் இன்று சொல்லுகிறது. இதை நான் ஒரு மதத்தாரைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. சங்கிலிக்கு மதம் கிடையாது. கோயிலிலும் கட்டினார்கள், தர்காவிலும் கட்டினார்கள், வீட்டுத் திண்ணைத் தூணிலும் கட்டினார்கள்.

பழத்தைச் சோதித்த கதை

அப்படியானால் எலுமிச்சம்பழத்தால் வியாதி தீராதா என்றால், தீர்ந்திருக்கிறது. எப்படித் தீர்ந்தது, தீர்ந்தது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும்.

அக்காலத்தில் கப்பலில் மாதக்கணக்காகப் போகிற மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, பழைய புண்கள் திறந்துகொண்டு செத்துப்போகிற ஸ்கர்வி என்னும் வியாதி வரும். 1747-இல் ஜேம்ஸ் லிண்டு என்னும் ஸ்காட்லாந்துக்காரக் கப்பல் வைத்தியர், அந்த வியாதி கண்ட 12 பேரை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே இடம். இரண்டிரண்டு பேராக ஆறு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சிக்கு ஆப்பிள் மது, ஒரு கட்சிக்குக் கந்தகத் திராவகத் துளி, ஒரு கட்சிக்குக் காடி, ஒரு கட்சிக்குக் கடல் தண்ணீர், ஒரு கட்சிக்குப் பூண்டும் கடுகும் சேர்த்த லேகியம், இன்னொரு கட்சிக்கு தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்தார். பழம் தின்ற இருவரும் ஆறே நாளில் தேறி, ஒருவன் வேலைக்கே திரும்பிவிட்டான். மற்றவர்கள் அப்படித் தேறவில்லை.

தோழர்களே! பழம் அதே பழம்தான். நம் பூசாரி கையிலும் எலுமிச்சை, லிண்டு கையிலும் எலுமிச்சை. பூசாரி கொடுத்து ஒருவன் பிழைத்தால் சாமி மகிமை என்பான்; செத்தால் அவன் தலைவிதி என்பான். எப்படியானாலும் பூசாரி தோற்கமாட்டான். லிண்டோ, தோற்பதற்கும் இடம் வைத்துச் சோதித்தார். எந்தச் சோதனையில் தோற்பதற்கு இடமிருக்கிறதோ, அந்தச் சோதனையின் வெற்றிதான் மெய்யான வெற்றி. அப்படியிருந்தும் ஆங்கிலக் கடற்படையார் கப்பல்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட 1795 வரையில் ஆயிற்று. மேல்நாட்டானுக்கும் பழைய வழக்கத்தை விடுவது சுலபமாக இல்லை.

தோலுக்குள் இருப்பது

லிண்டின் மாலுமிகளைக் காப்பாற்றியது வைட்டமின் சி என்பது பிற்காலத்தில் தெரிந்தது. ஆனால் புளிப்புப் பழத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. பழத்தை உரிக்கும்போது மேல்தோலுக்குக் கீழே பஞ்சுபோல் வெள்ளையாக ஒன்று இருக்கிறதல்லவா? சுளையைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறதல்லவா? கசக்கிறதென்று நாம் பிய்த்து எறிகிற அந்தப் பாகத்தில்தான் பிளவனாய்டு என்னும் பொருள்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆரஞ்சில் அதிகம் இருப்பது ஹெஸ்பெரிடின். எலுமிச்சையில் அதனோடு எரியோசிட்ரின். பம்ளிமாசு வகைகளில் கசப்புக்குக் காரணமான நரிஞ்சின். கமலா ஆரஞ்சுத் தோலில் நோபிலெட்டின்.

1936-இல் ஹங்கேரி தேசத்து விஞ்ஞானியான சென்ட்-கியோர்கி என்பவர் எலுமிச்சைத் தோலிலிருந்து இப்பொருள்களைப் பிரித்து, இவை மெல்லிய இரத்தக் குழாய்களைப் பலப்படுத்துகின்றன என்று கருதி, "வைட்டமின் பி" (ஆங்கிலத்தில் பதினாறாவது எழுத்து) என்று பெயர் வைத்தார். அவர் சாதாரண ஆசாமியல்ல. அடுத்த வருஷமே நோபல் பரிசு பெற்றவர். அப்படிப்பட்டவர் வைத்த பெயரையும், இது இல்லாவிட்டால் மனிதனுக்கு வியாதி வரும் என்பதற்கு ருஜுவில்லை என்று கண்டவுடன், 1950 வாக்கில் விஞ்ஞானிகளே எடுத்துவிட்டார்கள். ரிஷி சொன்னார், ஆகையால் மாற்றக்கூடாது என்று யாரும் அழவில்லை. இதுதான் அறிவுக்கும் வேதத்திற்கும் உள்ள வித்தியாசம்.

மூளைக்கு என்ன செய்கிறது?

நம்முடைய மூளை உடல் எடையில் 100-க்கு 2 பங்குதான் இருக்கும். ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய 5-இல் ஒரு பங்கை அது ஒன்றே தின்றுவிடுகிறது. அவ்வளவு சக்தியும் இரத்தத்தின் வழியாகத்தான் போகவேண்டும். வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடை வயல் காய்ந்துபோவதை மேலூர்க்காரர்களாகிய உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெரியாற்றுத் தண்ணீர் அணையில் நிறைந்திருந்து என்ன, கால்வாயில் வந்தால்தானே நெல் விளையும்? அதுபோலவே இரத்தக் குழாய் கெட்டால் மூளை கெடும்.

ஹெஸ்பெரிடினை நாம் தின்றால் அது அப்படியே இரத்தத்தில் சேருவதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரைப் பாகத்தை வெட்டி எடுத்த பிறகுதான் அதில் ஒரு சிறு பாகம் இரத்தத்தில் சேருகிறது. சேர்ந்தது இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தளர்த்தி இரத்தம் நன்றாக ஓட உதவுகிறது என்பதற்கு ஓரளவு ருஜு உண்டு. எலிகளில் செய்த சோதனைகளில் மூளையின் வீக்கத்தைக் குறைத்ததாகவும், ஞாபகத்தைக் காத்ததாகவும் கண்டிருக்கிறார்கள். ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. ஆகையால் மனிதர்களிடம் கண்டதை மட்டும் சொல்லுகிறேன்.

2015-இல் இங்கிலாந்து ரெடிங் சர்வகலாசாலையார் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நல்ல ஆரோக்கியமுள்ள 37 முதியவர்களுக்கு 8 வாரம் தினமும் அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். ஒரு சாற்றில் இந்தப் பொருள் 305 மில்லிகிராம். இன்னொரு பானத்தில் 37 மில்லிகிராம். எது எது என்று குடித்தவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. அதிகம் இருந்த சாற்றைக் குடித்த காலத்தில் மூளைத் திறமைப் பரீட்சைகளில் மொத்தத்தில் சற்று நன்றாகச் செய்தார்கள்.

2012-இல் அமெரிக்காவில் சுமார் 69 ஆயிரம் தாதிமார்களை 14 வருஷம் கவனித்த கணக்கு வெளிவந்தது. புளிப்புப் பழப் பிளவனாய்டை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, இரத்தக்குழாய் அடைத்து வருகிற பக்கவாதம் 100-க்கு 19 பங்கு குறைவாக இருந்தது. 2024-இல் ஹார்வர்டு ஆராய்ச்சிக்காரர்கள் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய கணக்கில், தினம் ஒரு ஆரஞ்சு அளவு புளிப்புப் பழம் சாப்பிடுகிறவர்களுக்கு மனச்சோர்வு நோய் வருவது சுமார் 5-இல் ஒரு பங்கு குறைவு என்றும், குடலிலுள்ள ஒருவகை நல்ல நுண்ணுயிருக்கு இதில் பங்கு இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

இங்கேயும் கேள்வி கேட்கவேண்டும்

கைதட்டுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். பூசாரியிடம் கேட்கிற கேள்வியை விஞ்ஞானியிடமும் கேட்கவில்லையென்றால் நாம் பகுத்தறிவுக்காரர் அல்ல. சாமியை மாற்றிக்கொண்டவர்கள், அவ்வளவுதான்.

முதல் கேள்வி: 37 பேர் போதுமா? போதாது. இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும். இரண்டாவது கேள்வி: தினம் ஆரஞ்சு சாப்பிடுகிறவன் யார்? கையில் காசு உள்ளவன். அவன் நல்ல வீட்டில் இருப்பான், சாப்பாட்டுக்குக் கஷ்டப்படமாட்டான், வியாதி வந்தால் வைத்தியரிடம் ஓடுவான். அவனுக்கு வியாதி குறைந்தது பழத்தாலா, பணத்தாலா? ஆராய்ச்சிக்காரர்கள் இதையெல்லாம் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்; என்றாலும் முழுவதும் கழித்துவிட முடியாது. மூன்றாவது கேள்வி: எவ்வளவு? அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறு எங்கே, எலுமிச்சம்பழச் சாதத்தில் பிழிகிற நாலு துளி எங்கே? ஒன்றுக்குக் கண்டதை மற்றொன்றுக்குச் சொல்லுவது புரட்டு.

ஆகவே இன்றைக்குத் துணிந்து சொல்லக்கூடியது இவ்வளவுதான்: புளிப்புப் பழம் நல்ல உணவு; இரத்தக் குழாய்க்கும் அதன் வழியாக மூளைக்கும் அது நன்மை செய்யக்கூடும். ஆனால் அது மருந்தல்ல. அதைத் தின்று பைத்தியம் தெளிந்ததாகவோ, ஞாபக மறதி நோய் தீர்ந்ததாகவோ ருஜு கிடையாது. நாளைக்கு ஒருவன் பிளவனாய்டு மாத்திரை என்று புட்டியில் அடைத்து, மூளை வளரும் என்று 1,000 ரூபாய் கேட்டால், அவனும் வேலில் குத்தி விற்கிறவனுக்குத் தம்பிதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

1989-இல் கனடா தேசத்தில் பெய்லி என்னும் ஆராய்ச்சிக்காரர், இரத்தக் கொதிப்பு மருந்தையும் மதுவையும் சேர்த்துச் சோதிக்கும்போது, மதுவின் ருசி தெரியாமலிருக்கக் கிரேப்புரூட் சாற்றைக் கலந்தார். மருந்து இரத்தத்தில் பலமடங்கு ஏறிவிட்டது. மருந்தைச் சிதைத்து வெளியேற்றுகிற குடலின் வேலையை அந்தப் பழம் தடுத்துவிடுகிறது என்பது அதனால் தெரிந்தது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற கார்பமசெபின் மாத்திரையும் இப்படி ஏறக்கூடியதே. நம் ஊர்ப் பம்ளிமாசு அந்தப் பழத்திற்கு நெருங்கிய உறவு. ஆகையால் வலிப்பு, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு இவைகளுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இவ்விரண்டு பழங்களையும் சாப்பிடக்கூடாது. இயற்கையானது ஆகையால் கெடுதல் செய்யாது என்பதும் ஒரு மூடநம்பிக்கையே.

அப்படியே, நார்த்தங்காய் ஊறுகாய் நல்லது என்று கேட்டவுடன் ஜாடியைக் காலிசெய்துவிடாதீர்கள். அதிலுள்ள உப்பு இரத்தக் கொதிப்பை ஏற்றும். இரத்தக் கொதிப்புத்தான் பக்கவாதத்தின் முதல் காரணம். சர்பத்தில் ஒரு மூடிப் பழமும் நாலு கரண்டிச் சர்க்கரையும் இருந்தால் அது பழச்சாறு அல்ல, சர்க்கரைத் தண்ணீர்.

ஏழைக்கு என்ன வழி?

ஆரஞ்சு வாங்க எங்களுக்கு ஏது காசு என்று தாய்மார்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உங்களுக்குத்தான் இந்த எலுமிச்சம்பழம். 2019 முதல் 2021 வரை சர்க்கார் எடுத்த கணக்கில், நம் நாட்டுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கும் இரத்த சோகை. அதற்கு ஒரு பெரிய காரணம் இரும்புச் சத்துக் குறைவு. சின்ன வயதில் இரும்பு குறைந்தால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். கீரையிலும் கேழ்வரகிலும் பயறிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் அது சுலபமாக உடம்பில் சேருவதில்லை. அதே சாப்பாட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டால் அதிலுள்ள வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பில் சேர்க்கிறது. இது "இருக்கலாம்" என்கிற சங்கதியல்ல. நன்றாக ருஜுவான சங்கதி. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். கொதிக்கவிட்டால் சத்துப் போய்விடும். சாப்பிட்டவுடன் டீ குடிக்காதீர்கள். அது இரும்பைத் தடுத்துவிடும். எலுமிச்சை விலை ஏறுகிற கோடையில் நெல்லிக்காயும் கொய்யாவும் அதே வேலையைச் செய்யும். இரத்த சோகை கடுமையாக இருந்தால் இது மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இரும்பு மாத்திரையையும் சாப்பிடவேண்டும்.

கடை வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் கட்டி, மறு வெள்ளிக்கிழமை தெருவில் எறிகிற பழங்களையெல்லாம் ஒரு வருஷத்திற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பழம் ஒரு பிள்ளையின் கீரைச் சோற்றில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருஷ்டி என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: கண்ணெதிரே பிள்ளை வெளிறிப்போயிருக்க, பழத்தை வாசலில் கட்டுவது.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் ஒருவர் தூக்கமில்லாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு, அல்லது வாழ்க்கையே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு இருந்தால், தலையில் தேய்க்கப் பழம் தேடாதீர்கள். வலிப்பு வந்தவன் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். ஒருபக்கமாகப் படுக்கவைத்து, வலிப்பு 5 நிமிஷத்திற்குமேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மதுரை அரசு இராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநோய்க்கென்றே வைத்தியர்கள் இருக்கிறார்கள்; காசு கேட்கமாட்டார்கள். போக முடியாதவர்கள் 14416 என்னும் டெலிபோன் எண்ணைக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். 2022 முதல் சர்க்கார் நடத்துகிற இலவச ஏற்பாடு அது. மனநோய் வந்தது வெட்கப்படவேண்டிய காரியமல்ல. சங்கிலி போடுவதுதான் வெட்கப்படவேண்டிய காரியம்.

ஆகவே தோழர்களே, நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் சொந்த அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் நடத்தையில் கொண்டுவாருங்கள். தப்பென்று பட்டால் தள்ளிவிடுங்கள்.